டெக்சாஸ் உறைந்த நாட்கள்

கனடாவிலோ நோர்வேயிலோ பனிப்பொழிவினால் வீட்டுக்குள் முடங்குவது புதினமல்ல. 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்கு நேர்ந்தது வேறு. வெயிலை எண்ணிக் கட்டப்பட்ட வீடுகள் அவை. 16ஆம் திகதி டலஸ் நகரில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 19 பாகை செல்சியசுக்கு இறங்கியது. வெளியே பனி மூடிய வீதிகள், உள்ளேயோ மின்சாரமில்லை. 45 இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளும் வர்த்தக நிலையங்களும் இருளில் மூழ்கின. நீர்க்குழாய்கள் உறைந்து வெடித்தன. குளிர்காய்வதற்காக வாகன இயந்திரத்தை இயக்கியும் வீட்டினுள் கரி மூட்டியும் காபனோரொட்சைட்டு வாயுவால் மாண்டோர் உண்டு. மாநில அரசின் கணக்கில் இறந்தோர் 246 பேர்.

இதனை இயற்கையின் சீற்றம் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. மத்திய அரசின் கட்டுப்பாட்டுக்குள் அகப்படக்கூடாதென்பதற்காகவே டெக்சாஸ் தன் மின்வலையமைப்பை அயல் மாநிலங்களிலிருந்து பெரிதும் பிரித்து வைத்திருந்தது. ஆபத்து வேளையில் அயலிலிருந்து மின்சாரம் பெறப் போதிய இணைப்புகள் இருக்கவில்லை. 2011 பெப்ரவரியிலும் இதே மாநிலம் குளிரால் மின்வெட்டைக் கண்டது. மின்னிலையங்களையும் எரிவாயுக் கட்டமைப்பையும் குளிர் தாங்கும்படி செப்பனிடுமாறு அவ்வாண்டே மத்திய ஒழுங்குபடுத்தும் நிறுவனத்தின் அறிக்கை பரிந்துரைத்தது. கட்டாயமில்லாத பரிந்துரைக்கு யார் பணம் செலவழிப்பார்?

2021இல் அரசியல்வாதிகள் சிலர் பழியைக் காற்றாலைகள்மீது போட்டனர். மிகப்பெரிய மின்னிழப்போ இயற்கை எரிவாயு நிலையங்களில்தான் ஏற்பட்டிருந்தது. முழு வலையமைப்பும் சரிவதற்கு 4 நிமிடங்களும் 37 வினாடிகளுமே எஞ்சியிருந்தன என்று அதன் நிர்வாகிகளே பின்னர் கூறினர்.

மின்னிலையங்களுக்குக் குளிர்காப்பைக் கட்டாயமாக்கும் சட்டத்தில் ஆளுநர் ஒப்பமிட்டது 2021 ஜூனில்.