அரசியல் பட்டமும் பட்டத்தின் அரசியலும்

அரசியல் அறிவியலில் இளங்கலைப் பட்டம் பெற என்னென்ன நிறைவு செய்ய வேண்டும்? எளிய கேள்விதான். ஆனால் எங்கள் கடற்கரையில் அதற்கு இரண்டு விடைகள் உண்டு. குயிலாப்பாளையம் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர். தெற்கே சில கிலோமீட்டர் சென்றால் புதுச்சேரி ஒன்றியப் பகுதி. வடக்கே கழுவெளியையும் மரக்காணத்து உப்பளங்களையும் கடந்து மேற்கே திரும்பினால் திண்டிவனம். ஒரே தெருவின் பிள்ளைகள் இருவர், ஒருவர் தெற்கேயும் மற்றவர் வடக்கேயும் கல்லூரிக்குப் போகக்கூடும். இருவரும் ஒரே பாடத்தை எடுத்தாலும் பட்டத்திற்கான நிபந்தனைகள் வேறு. இந்த வேறுபாடு எப்படி நேர்ந்தது என்பதைப் பார்ப்போம்.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் நிறுவப்பட்டது. அன்று அது பாடம் நடத்தும் இடமன்று. தேர்வு நடத்திப் பட்டம் அளிக்கும் அமைப்பு. அதன் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை ஆகிய இருவருமே யாழ்ப்பாணத்தார் என்பது தமிழ் வாசகர் அறிந்த செய்தி. தேர்வில் வென்றால் பட்டம் என்பதே அன்றைய அடிப்படை. கற்பிப்பவர் ஒருவர், தேர்ச்சியைத் தீர்மானிப்பவர் வேறொருவர் என்ற ஏற்பாடு இன்றும் நம் இணைப்புக் கல்லூரிகளில் உயிரோடு இருக்கிறது.

மூன்றாண்டுப் படிப்பு என்பதும் தொன்றுதொட்டு வந்ததன்று. முன்பு இண்டர்மீடியட் இரண்டாண்டு, அதன்பின் பி.ஏ. இரண்டாண்டு. 1948-49ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய இராதாகிருஷ்ணன் குழு மூன்றாண்டுப் பட்டப்படிப்பைப் பரிந்துரைத்தது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் இண்டர்மீடியட் மறைந்து, ஓராண்டுப் புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டப்படிப்பும் வந்தன. 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிக்குச் சென்றபின் புகுமுக வகுப்பும் மறைந்தது, மூன்றாண்டு நிலைத்தது.

இந்தப் பட்டப்படிப்பின் உள்ளமைப்பு பகுதிகளாலானது. முதற்பகுதி தமிழ் அல்லது பிறிதொரு மொழி, இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி முதன்மைப் பாடமும் துணைப்பாடமும். ஒவ்வொன்றிலும் தேற வேண்டும். அரசியல் கோட்பாடு, இந்திய அரசமைப்பு, பன்னாட்டு உறவுகள் எல்லாவற்றிலும் முதல் வகுப்பு மதிப்பெண் பெற்றும், ஆங்கிலத்தில் ஓர் அரியர் நின்றுவிட்டதால் பட்டதாரி ஆகாமலே ஊரில் இருப்போரைக் கண்டிருக்கிறேன். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு தாள் ஒரு மதில்.

அந்த மதிலின் உயரத்தைக் குறைக்கும் முயற்சியும் வரலாற்றில் உண்டு. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு தொடங்கப்பட்டது, சி. சுப்பிரமணியம் அப்போது கல்வி அமைச்சர். பின்னர்த் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் பட்ட வகுப்புக்கான நூல்களை வெளியிட்டது. இறைமை, கூட்டாட்சி, அரசமைப்பு முதலிய சொற்கள் வகுப்பறை வழக்கில் ஊன்றின. ஆனால் தமிழ் வகுப்பும் அரசியல் வகுப்பும் ஒன்றையொன்று காணவில்லை. மாணவர் முதற்பகுதியில் குறளின் இறைமாட்சியையும் அமைச்சையும் மனப்பாடமாகப் படிக்கிறார். மூன்றாம் பகுதியில் அரிஸ்டாட்டிலையும் மாக்கியவெல்லியையும் படிக்கிறார். இரண்டையும் ஒரே விடைத்தாளில் சந்திக்கவைக்கும் கேள்வியை நான் கண்டதில்லை.

2008-09இல் விருப்பப் பாடத் தகுதிப்புள்ளி முறை தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பரவலானபோது நான்காம், ஐந்தாம் பகுதிகள் சேர்ந்தன. மதிப்பீட்டுக் கல்வி, திறன் சார்ந்த தாள்கள், நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணிகள் அவற்றில் அடங்கும். சுற்றுச்சூழல் கல்வி, உச்ச நீதிமன்றம் 1991இல் இட்ட ஆணையின் வழிவந்தது. இன்று பொதுவாக ஆறு பருவங்களில் 140 தகுதிப்புள்ளிகள் ஈட்ட வேண்டும்.

இனி எல்லைக்கு அப்பால். புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்து நடைமுறையில் விடுபட்டது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. எனினும் 1961இல் தோன்றிய தாகூர் கலைக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடே இணைந்திருந்தது. ஆகவே பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற எல்லைக்கோடு நம் பட்டத்தைப் பிரிக்கவில்லை. பிரிவு பின்னர் வந்தது. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் புதுவைப் பல்கலைக்கழகம், மத்தியப் பல்கலைக்கழகமாக எழுந்தது. இந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகள் 2002இல் தோன்றிய திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின்கீழ் வந்து, 2021க்குப்பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின்கீழ்ச் சென்றன.

2022 இறுதியில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட சட்டகம் மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120, நான்காண்டுப் பட்டத்திற்கு 160 தகுதிப்புள்ளிகள் என வகுத்தது. ஓராண்டில் விலகினால் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம். புதுவைப் பல்கலைக்கழகம் 2023-24இல் இம்முறைக்கு மாறியது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காத தமிழ்நாடு, தனக்கெனக் கொள்கை வகுக்க 2022இல் நீதிபதி முருகேசன் தலைமையில் குழு அமைத்தது. ஒரு தரப்பு, இடையில் விலகுவோர் வெறுங்கையோடு போகக்கூடாது என்கிறது. மற்றொரு தரப்பு, வாயிலைத் திறந்துவைத்தால் வெளியேறுபவர் ஏழை வீட்டுப் பிள்ளையாகவே இருப்பார் என்கிறது. உப்பளக் கூலியில் படிக்கும் மாணவரைப் பொறுத்தவரை இரண்டுமே உண்மை. முதலாண்டுச் சான்றிதழுக்கு என்ன வேலை கிடைக்கும் என்பதை எந்தச் சட்டகமும் சொல்லவில்லை.

பட்ட விதிகளை நாம் அலுவலகத் தாளாக மட்டுமே பார்க்கிறோம். உண்மையில் அவை காலனிய அரசு, மொழிக் கொள்கை, நீதிமன்ற ஆணை, மத்திய மாநில உறவு ஆகியவை வரிவரியாகப் படிந்த அரசியல் ஆவணம். கூட்டாட்சியைப் பற்றிப் பத்து மதிப்பெண் விடை எழுதும் மாணவர், தன் சான்றிதழே அதற்கு எடுத்துக்காட்டு என்பதை அறியாமல் வெளியேறுகிறார். முதல் பருவத்தின் முதல் வாரத்தில் அந்த விதிநூலையே பாடமாக வைத்து, ஒவ்வொரு விதியின்மேலும் அதன் ஆண்டையும், விதித்தவர் யார் என்பதையும் எழுதச் சொன்னால் போதும். அரசியல் அறிவியல் அங்கேயே தொடங்கிவிடும்.