அரிவாள் செல்லும் நெற்றிப் பச்சையும்

'அது அவங்க ரத்தத்திலேயே இருக்குய்யா' என்று நம்மைப் பற்றிச் சொல்லாத ஆதிக்க சாதித் தெரு உண்டா? அழுக்கு, குடி, திருட்டு எல்லாமே நம் ரத்தத்தில் ஓடுகிறதாம். சரி, ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்களாவது அந்தத் தெருவுக்கு வெளியே நின்று பார்த்தார்களா? அரிவாள் செல் ரத்தசோகையின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு எழுந்த கேள்வி இது.

1904 கடைசியில், கரீபியத் தீவான கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க சிகாகோ வந்த வால்டர் கிளெமென்ட் நோயல் என்கிற கறுப்பின இளைஞர் மருத்துவமனையில் படுத்தார். அவருடைய ரத்தத்தில் நீண்டு வளைந்த சிவப்பணுக்களைக் கண்டவர் எர்னஸ்ட் அயன்ஸ் என்ற பயிற்சி மருத்துவர். மூத்த மருத்துவரான ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் அதைக் கட்டுரையாக எழுதிப் பெயர் வாங்கினார். கட்டுரையில் நோயல் வெறும் 'நீக்ரோ'. நோயாளியின் பெயரை மறைப்பது மருத்துவ மரபுதான், ஒத்துக்கொள்கிறேன். நிறத்தை மறைக்கவில்லையே! நோயல் படிப்பை முடித்து ஊர் திரும்பி, பல் மருத்துவராக வேலை பார்த்து, 1916இல் 32 வயதில் நிமோனியாவில் இறந்தார். 1989இல்தான் அவர் யார் என்பது மருத்துவ இதழில் வெளிவந்தது.

கானா நாட்டு மருத்துவர் கோனோட்டே-அகுலு தன் சொந்தக் குடும்பத்திலேயே இந்த நோயை 1670 வரை பின்னோக்கித் தேடிப் போயிருக்கிறார். அங்குள்ள மக்கள் தங்கள் மொழிகளில் இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். வலி விட்டுவிட்டுக் குத்துவது போலவே ஒலிக்கும் பெயர்கள். அப்புறம் 'கண்டுபிடித்தது' யாராம்?

வலி எங்கிருந்து வருகிறது? சிவப்பணு ஏறத்தாழ 7 மைக்ரான் அகலம். தந்துகிகள் சில இடங்களில் அதைவிடக் குறுகல். நல்ல அணு வளைந்து நெளிந்து நுழைந்துவிடும். இந்த நோயில் ஆக்சிஜனை இறக்கிவிட்ட பிறகு அணு விறைத்து அரிவாளாகிக் குழாயில் சிக்கிக்கொள்கிறது. பின்னால் வருகிறவையும் தேங்குகின்றன. அதற்கப்பால் இருக்கிற எலும்பும் சதையும் மூச்சுக்குத் தவிக்கின்றன. கைக்குழந்தைக்குக் கைகால் வீங்கும், மண்ணீரல் பழுதாகும், சிலருக்குப் பக்கவாதமே வரும். 120 நாள் வாழ வேண்டிய அணு 10, 20 நாளில் சாகிறது. இத்தனைக்கும் காரணம் ஹீமோகுளோபின் சங்கிலி ஒன்றின் ஆறாவது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பது. 1950களில் வெர்னான் இங்க்ராம் இதைக் காட்டினார். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் இந்த மாற்றம் வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொல்லையில்லை, ஆனால் பிள்ளைக்குக் கடத்தலாம்.

இதை 'கறுப்பர் நோய்' என்றே அமெரிக்க மருத்துவம் எழுதிவந்தது. வெள்ளையருக்கு இது வந்தால் வம்சத்தில் கறுப்பர் யார் கலந்தது என்று துருவினார்கள். நம்மூரிலும் இதே கதைதான். 1952இல் லேமனும் கட்புஷ்ஷும் நீலகிரி ஆதிவாசிகளின் ரத்தத்தில் அரிவாள் செல்லைக் கண்டார்கள். உடனே இனத் தொடர்பு பற்றிய ஊகங்கள் கிளம்பின. 1954இல் ஆந்தனி அலிசன் வேறொன்றைச் சொன்னார்: இந்தக் கூற்றை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வாங்கிய குழந்தையைக் கடுமையான மலேரியா அவ்வளவாகக் கொல்வதில்லை. ஆக, கொசு கடித்த இடமெல்லாம் இது நிலைத்தது. ஆப்பிரிக்கா, கிரீஸ், அரேபியா, மத்திய இந்தியா, நீலகிரிச் சரிவு. கொசுவுக்கு ஏது சாதி?

இதற்குப் பிறகும் 1968இல் லைனஸ் பாலிங் என்ன எழுதினார் தெரியுமா? இது மூலக்கூற்று நோய் என்று 1949இல் நிறுவியவர், இரண்டு நோபல் பரிசு வாங்கியவர். இந்தக் கூற்றைச் சுமக்கிற இளைஞர்களின் நெற்றியில் பச்சை குத்த வேண்டும் என்றார். துன்பப்படும் குழந்தைகள் பிறக்கக்கூடாது என்ற கரிசனமாம். அடையாளம் குத்துகிற கரிசனத்தை நாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள்தானே.

1971இல் கருஞ்சிறுத்தைகள் தங்கள் இலவச மருத்துவ நிலையங்களில் தாங்களே சோதனை செய்யத் தொடங்கினார்கள். (அவர்கள் பெயரில்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள்.) அதே காலத்தில் பல மாநில அரசுகள் கறுப்பருக்குக் கட்டாயச் சோதனைச் சட்டம் போட்டன. சும்மா சுமப்பவரையும் நோயாளியாகவே நடத்தினார்கள். அமெரிக்க விமானப்படைக் கல்லூரி இவர்களுக்குக் கதவைத் திறந்தது 1981இல்.

கிரீஸில் ஆர்கோமெனோஸ் பகுதியில் ஊரையே சோதித்து, யார் சுமப்பவர் என்று சொல்லி, திருமண ஆலோசனையும் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தால், சுமப்பவர்கள் கல்யாணச் சந்தையில் தாழ்த்தப்பட்டிருந்தார்கள். அதனால் முடிவை மறைத்தார்கள். சுமப்பவர்கள் இருவர் மணப்பதும் குறையவில்லை.

2023 ஜூலை 1இல் மத்தியப் பிரதேசம் ஷாதோலில் தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 7 கோடிப் பேருக்குச் சோதனை, கையில் அட்டை, திருமணத்துக்கு முன் ஆலோசனை, 2047க்குள் ஒழிப்பு. சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேணும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போன்ற இடங்களில் சோதனையும் மருந்தும் தொடர் கவனிப்பும் சேர்ந்தே நடக்கின்றன. அதே 2023 டிசம்பரில் அமெரிக்காவில் இதற்கான மரபணு மருத்துவம் அனுமதி பெற்றது, ஒருவருக்கு 22 லட்சம் டாலர் விலையில். நம் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு ஹைட்ராக்சியூரியா மாத்திரைதான். முகாமுக்கு வருகிற அதிகாரியிடம் தோழர்கள் கேட்க வேண்டியது இதுதான்: அட்டை கொடுத்தீங்க சரி, மாத்திரை மாசாமாசம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துல கிடைக்கும்? ராத்திரி வலி வந்து பிள்ளை கத்துனா, 'நடிக்கிறான்'னு சொல்லாத டாக்டர் அங்க இருப்பாரா? பொண்ணோட அட்டையை யார் யாரெல்லாம் பார்ப்பாங்க?