பொறுமை மருந்தாகுமா?

மலையகப் புகையிரதப் பாதையில் தலவாக்கலையைக் கடந்ததும் வருகின்ற சிறு நிலையம் வட்டகொடை. 1885ஆம் ஆண்டில் அப்பாதை நானுஓயா வரை நீண்டபோது, தோட்டங்களின் விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதே அதன் தலையாய நோக்கமாயிருந்தது. அந்தத் தோட்டங்களைத் தம் கைகளால் உருவாக்கியவர்களின் பரம்பரை இன்றும் அங்கே லயங்களில் வாழ்கின்றது. அவர்களுள் ஒருவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டால் என்ன நேரும்? இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் இயந்திரம் தோட்டத்து மருந்தகத்தில் இல்லை. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். துணைக்கு வரும் உறவினரின் ஒரு நாள் பேரும் அன்றைக்குப் போய்விடும். இவ்வளவும் செய்து அங்கே போய்ச் சேர்ந்தவர் கட்டிலில் படுத்ததும் முதலில் எதிர்கொள்வது இரண்டு ஊசிகளை.

சாதாரண ஊசிகளல்ல அவை. நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மில்லிலீட்டர் இரத்தம் உடலிலிருந்து வெளியேறித் திரும்பவேண்டுமாதலால், அவை ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட தடிப்புள்ளவை. ஒன்று இரத்தத்தை வெளியே எடுக்க; மற்றொன்று திருப்பிச் செலுத்த. வாரத்துக்கு மூன்று முறை என்ற பொதுவான கணக்குப்படி ஆண்டொன்றுக்கு 312 தடவை அந்த ஊசி தோலைத் துளைக்கின்றது. விறைப்பு மருந்து இருந்தால் நோவு பெரிதும் அடங்கும். இல்லாதபோது நோயாளி பல்லைக் கடித்துக்கொள்கிறார். 'கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று தாதி சொல்கிறார். இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது, யாரால் கேட்கப்படுகின்றது என்பதே நாம் இங்கு ஆராயவேண்டிய விஷயம்.

விஞ்ஞானத்தின் சரித்திரத்தில் ஒரு வியப்பான ஒற்றுமை உண்டு. 1943ஆம் ஆண்டு, நாஜிகளின் ஆக்கிரமிப்புக்கு உட்பட்டிருந்த ஒல்லாந்தின் கம்பன் நகரில், வில்லம் கொல்ஃப் என்ற இளம் வைத்தியர் தமது செயற்கைச் சிறுநீரகத்தை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தினார். மர உருளையொன்றும், இறைச்சிப் பண்டங்களைச் சுற்றப் பயன்பட்ட செலோபேன் குழாயுமே அவருக்குக் கிடைத்த சாதனங்கள். அவருடைய முதல் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945இல்தான் ஒரு மூதாட்டி உயிர் மீண்டார். கொல்ஃப் தமது இயந்திரத்தை முதலிற் பயன்படுத்திய அதே 1943இல், சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில் நில்ஸ் லோஃப்கிரென், பெங்ட் லுண்ட்க்விஸ்ட் என்னும் இரசாயனவியலாளர் இருவர் லிக்னோகெயின் என்ற விறைப்பு மருந்தை உருவாக்கினர். 1948இல் அது சந்தைக்கு வந்தது. உயிர் காக்கும் இயந்திரமும் அதன் நோவைத் தணிக்கும் மருந்தும் ஒரே ஆண்டில் பிறந்த உடன்பிறப்புக்கள் எனலாம்.

1966இல் அமெரிக்காவில் பிரெசியா, சிமினோ முதலிய வைத்தியர்கள் கையின் நாடியையும் நாளத்தையும் சத்திரசிகிச்சை மூலம் இணைத்து, நாளத்தைப் பருக்கச் செய்யும் முறையை வெளியிட்டனர். 'பிஸ்டுலா' எனப்படும் இவ்விணைப்பே இன்றும் உலகெங்கும் சிறந்த வழியாகக் கொள்ளப்படுகின்றது. ஆயின், ஒவ்வொரு முறையும் அதனை ஊசியால் துளைத்தே ஆகவேண்டும். ஆகவே டயாலிசிஸ் பரவிய அளவுக்கு விறைப்பு மருந்தும் பரவியிருக்க வேண்டியது நியாயம். அந்த நியாயம் எல்லோருக்கும் கிட்டவில்லை.

நோவு தணிப்பதில் பாரபட்சம் புதியதன்று. 1846ஆம் ஆண்டு ஒக்டோபரில் பொஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்து பகிரங்கமாகச் செய்துகாட்டப்பட்டது. அமெரிக்காவின் தென்பகுதியில் மேரியன் சிம்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணரோ, 1845 முதல் 1849 வரை அடிமைப் பெண்களின் உடலில் மயக்க மருந்தின்றியே மீண்டும் மீண்டும் கத்தி வைத்துத் தம் முறையைச் செம்மைப்படுத்தினார். உழைக்கும் உடல் நோவைத் தாங்கும் என்ற எண்ணம் ஆளும் வர்க்கத்துக்கு எப்போதும் வசதியானது. நமது மலையகத்தில், கோப்பிக் காலத்திலே, 1872இல் மருத்துவத் தேவைகள் சட்டம் பிறந்தது. தோட்டப் பகுதிகளை அது மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்தது. கூலியாளின் உயிர் அங்கே உழைப்புக் கணக்கில் ஓர் இனமாக இடம்பெற்றது. மலைக்குத் திரும்பக்கூடிய உடலே அக்கணக்குக்கு வேண்டியிருந்தது. அவ்வுடல் பட்ட நோவுக்கு அதில் இடமில்லை.

இந்தக் கணக்கை மாற்ற இலங்கையில் ஒரு முயற்சி நடந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முயற்சி அது. மருந்தியல் பேராசிரியரும் சமசமாஜக் கட்சியினருமான சேனக பிபிலே, கம்யூனிஸ்ட் தலைவரான டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து, நாட்டின் மருந்து இறக்குமதி பற்றிய அறிக்கையைத் தயாரித்தார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. பிபிலே அதன் முதல் தலைவரானார். ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களில் பல விலைகளில் விற்கப்பட்ட நிலையை அவர் மாற்ற முனைந்தார். 2,000க்கும் மேற்பட்டிருந்த மருந்துகளின் பட்டியல் ஏறக்குறைய 600 ஆகச் சுருங்கிற்று. மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி, உலகச் சந்தையில் தரமானதையும் மலிவானதையும் அரசே வாங்கிற்று. பன்னாட்டுக் கம்பெனிகள் எதிர்த்தன. கூட்டுத்தாபனம் மலிவாக வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு டெட்ராசைக்கிளின் மருந்தைச் செய்து தர ஃபைசர் கம்பெனி இணங்கவில்லை. அமெரிக்கத் தூதரும் தலையிட்டார். 1976 ஓகஸ்டில் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாடு மருந்துத் துறையில் ஒத்துழைப்பை வலியுறுத்திற்று. 1977இல் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. லிக்னோகெயின் அதில் இடம்பெற்றது. அதே ஆண்டு செப்டெம்பரில் பிபிலே கயானாவில் காலமானார். அதற்குச் சற்று முன், ஜூலையில், இலங்கையில் ஆட்சி மாறியிருந்தது; பின்னர் இறக்குமதிக் கதவுகள் அகலத் திறக்கப்பட்டன.

இடதுசாரிகளாகிய நாம் இதனை எண்ணிப் பெருமைப்படுவது சரியே. அந்தப் பெருமையுடன் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். மருந்துக் கொள்கை மலர்ந்த அதே ஆட்சிக் காலத்தில், 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டப்புறங்களில் பட்டினியால் மக்கள் மாண்டனர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பலரை நாடற்றவராக்கியிருந்தது. வாக்கில்லாதவனின் பசி பாராளுமன்றத்தை எட்டவில்லை. அவனுடைய நோவு எவ்வாறு எட்டும்? நல்ல கொள்கையொன்று எழுதப்பட்டால் மட்டும் போதாது. கடைசி லயம் வரை அதனைக் கேட்டுப் பெறும் அரசியல் பலமும் மக்களுக்கு வேண்டும்.

2022ஆம் ஆண்டு இந்தப் பாடத்தை மீண்டும் நமக்குக் கற்பித்தது. தனது மருந்துத் தேவையில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இறக்குமதியை நம்பியிருந்த நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியது. மார்ச் மாத இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்தின்மையால் வழக்கமான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. ஏப்பிரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. மயக்க மருந்துகளின் கையிருப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டதாக வைத்தியர்கள் எச்சரித்தனர். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கே மருந்து போதாதபோது, ஊசிக் குத்தின் நோவுக்கு அதைக் கேட்பது ஆடம்பரமாகத் தோன்றும். தட்டுப்பாட்டில் முதலில் வெட்டப்படுவது சிறியவர்களின் சிறு நிவாரணமே. இத்தனைக்கும் லிக்னோகெயின் காப்புரிமை காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் சென்ற, மலிவான மருந்து. அத்தகைய மருந்தும் கைக்கெட்டாமற் போகுமானால், குறை இரசாயனத்தில் இல்லை. கொள்வனவிலும் நிர்வாகத்திலும் உள்ளது. 2024 பெப்ரவரியில், தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு பற்றிய விசாரணையில் முன்னாள் சுகாதார அமைச்சர் கைதானதை இதனுடன் சேர்த்து வாசிக்க வேண்டும்.

மருந்து கிடைக்காத நாட்களில் நோயாளிகளும் தாதியரும் கைகட்டி நிற்பதில்லை. 1965இல் மெல்சாக், வோல் என்னும் விஞ்ஞானிகள், நரம்புவழி மூளைக்குச் செல்லும் நோவுச் செய்தியை முதுகுத்தண்டிலேயே வேறு உணர்வுகள் தடுக்கக்கூடும் என்று விளக்கினர். அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிடும் நம் பாட்டிமாரின் வழக்கத்துக்கும் இதுவே காரணம். புதுடில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், பிஸ்டுலா இல்லாத மறுகையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தசையில் பனிக்கட்டியால் தேய்த்தபோது ஊசி நோவு குறைந்தது. ஊசி நுழையும் கணத்தில் மூச்சை மெல்ல வெளிவிடுவதும், பேச்சில் கவனத்தைத் திருப்புவதும் சிலருக்கு உதவுகின்றன. போலந்து வைத்தியர் த்வார்தோவ்ஸ்கி 1970களில், ஒரே துளையில் ஒரே கோணத்தில் தொடர்ந்து ஊசி ஏற்றினால் நோவு குறைவதைக் கண்டார். ஊசி ஏற்ற இடமில்லாத நோயாளி ஒருவரின் இக்கட்டிலிருந்து பிறந்த முறை அது. எனினும் அதில் தொற்று அபாயம் மிகுதி என்று பின்னர் தெரியவந்தது. ஆகவே மருத்துவக் குழுவின் கண்காணிப்பின்றி அதைக் கைக்கொள்ளலாகாது. ஊசிக்கு அஞ்சி ஒரு முறை வராமலிருப்பதோ எல்லாவற்றிலும் பெரிய அபாயம். கழிவும் நீரும் உடலில் தங்கி உயிருக்கே உலை வைக்கும்.

இவற்றை ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்து, அயலிலுள்ள நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்வது பயனுள்ள தொண்டு. பனிக்கட்டியையும் மூச்சையும் கற்பிப்பதோடு அத்தொண்டு முடிந்துவிடக்கூடாது. நோயாளி பொறுத்துக்கொண்டார் என்பதைக் காட்டி மருந்து வாங்காமலிருக்க எந்த அரசுக்கும் உரிமையில்லை. தங்கள் ஆஸ்பத்திரியில் எந்த மருந்து எத்தனை நாளாக இல்லை என்று கேட்கவும், பதில் பெறவும் மக்களுக்கு உரிமை உண்டு. பிபிலேயின் கொள்கையைத் தழுவித் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் 2015இல் இயற்றப்பட்டது. சட்டப் புத்தகத்தில் உள்ளதை வட்டகொடைத் தொழிலாளியின் கைவரை கொண்டுசெல்வது தொழிற்சங்கங்களின் வேலை, ஆசிரியரின் வேலை, நம் எல்லோருடைய வேலை. மலையக மக்கள் இரண்டு நூற்றாண்டுகளாகப் பொறுத்தது போதும். இனிப் பொறுமையை அவர்களிடம் கேட்பவர், மருந்து எங்கே என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லட்டும்.