வறிய மண்ணில் வாழும் பெயர்

பிரித்தானியாவில் மக்கள் குடியிருக்கும் தீவுகளுள் வடகோடியில் அமைந்தது அன்ஸ்ட். ஷெட்லாந்துத் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த அத்தீவில் கீன் ஆப் ஹாமர் என்னும் தாழ்ந்த குன்று உள்ளது. சுற்றிலும் பசும்புல் விளங்க, அக்குன்று மட்டும் உடைகல் பரந்து பாழ்நிலம்போல் தோன்றும். அப்பாழ்நிலத்தில் மலரும் வெண்ணிறப் பூவொன்றின் வரலாறு, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் வரலாறும் ஆகும்.

குன்றின் பாறை செர்பன்டைன் எனப்படும். 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்க் கடலடியில் கிடந்து, பின்னர் நிலத்தின்மேல் ஏறிய பாறை அது. அதிலிருந்து பிறந்த மண்ணில் மக்னீசியம், நிக்கல், குரோமியம் ஆகியவை மிகுதி. செடிக்கு உணவாகும் பாஸ்பரஸ் போன்றவை குறைவு. மழைநீரும் அதில் தங்குவதில்லை. பெரும்பாலான செடிகளுக்கு அது நஞ்சும் பசியும் கலந்த நிலம்.

1817ஆம் ஆண்டில் சாமுவேல் ஹிப்பர்ட் அன்ஸ்டில் குரோமைட் தாதுவைக் கண்டறிந்தார். அதன்பின் பலர் பார்வையும் பாறைக்குள் இருந்த பொருளின்மேல் சென்றது. குதிரையைக் கொண்டு தாது அரைத்த ஆலையின் எச்சம் குன்றின் அருகே இன்றும் உள்ளது. பாறைமேல் வளர்ந்ததை உற்று நோக்கியவன், அத்தீவின் மருத்துவர் லாரன்ஸ் எட்மண்ட்ஸ்டனின் மகன் தாமஸ். 1837இல் அவன் கண்டெடுத்த செடி, கருமை கலந்த சிற்றிலைகளும் நுனி பிளந்த ஐந்து வெள்ளிதழ்களும் உடையது. ‘கருமையுறுவது’ எனப் பொருள்படும் நைகிரெசென்ஸ் என்னும் இலத்தீன் பெயர் அதற்கு அமைந்தது. மக்கள் வழக்கில் அது எட்மண்ட்ஸ்டனின் பூ. ஷெட்லாந்து எலிச்செவி என்றும் கூறுவர். அதனைத் தனியினம் என்பாரும், வடதுருவப் பகுதிச் செடியொன்றின் வகை என்பாரும் உளர். எனினும் இவ்வடிவம் அன்ஸ்டுக்கே உரியது.

1845இல் தாமஸ் ஷெட்லாந்தின் செடிகொடிகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் கிளாஸ்கோவின் ஆண்டர்சன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அவரோ, ஹெரால்ட் என்னும் கப்பலில் இயற்கை ஆய்வாளராகப் பசிபிக் கடலுக்குப் புறப்பட்டார். 1846 சனவரியில் தென் அமெரிக்கக் கரையில் துப்பாக்கி தவறுதலாக வெடித்து உயிர் துறந்தார். அப்போது வயது இருபது. அந்நாளில் மூன்று வயதுக் குழந்தையாயிருந்த தங்கை ஜெஸ்ஸி, பின்னர் சாக்ஸ்பி என்னும் பெயருடன் எழுத்தாளராக விளங்கினார்; சகோதரர் பயோட்டுடன் சேர்ந்து, தந்தையின் இல்லத்து நினைவுகளை 1888இல் நூலாக்கினார்.

இன்று அக்குன்று தேசிய இயற்கைக் காப்பிடம். அங்கு ஆய்வுக்காகச் சிறு பரப்புகளில் உரமிட்டபோது, வெற்றுக்கல்லைப் பிற செடிகள் மூடின. நிலத்தை வளப்படுத்துதலே நன்மை என்னும் உழவனின் நோக்கு, இப்பூவிற்குக் கேடாய் முடியும் என்பது அதனால் தெளிவாகிறது. வறுமையே அதற்கு வேலி. பிற செடிகள் நெருங்க அஞ்சும் மண்ணில் அது தனக்கென ஓரிடம் பெற்றுள்ளது. அம்மண்ணை மாற்றாது விட்டுவைப்பதே அதனைக் காக்கும் வழி.

பெரும்பதவியும் நெடும்பயணமும் நிலைக்கச் செய்யாத ஒரு பெயரை, கோடைதோறும் கல்லிடுக்கில் மலரும் சிறுபூ சுமந்து நிற்கிறது.