மசில் கார்களின் கியர்பாக்ஸ் மாற்றம்

நடுத்தர அளவுள்ள உடலில் பெரிய வி-8 எஞ்சினைப் பொருத்தி அமெரிக்க நிறுவனங்கள் 1960களில் விற்ற கார்களே மசில் கார்கள் எனப்படுகின்றன. 1964இல் வந்த போண்டியாக் ஜிடிஓவை இவ்வகையின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். இன்றும் ஓடும் இக்கார்களில் பல, பழைய எஞ்சினுடன் புதிய கியர்பாக்ஸைக் கொண்டவை. பழைய கியர்பாக்ஸ்கள் மோசமானவை என்பதல்ல இதற்குக் காரணம்.

நான்கு கியர் கொண்ட போர்க்வார்னர் டி-10, 1957இல் கார்வெட் காரில் இடம்பெற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் 1963 முதல் இண்டியானா மாநிலத்தின் மன்சி நகரில் தன் சொந்த கியர்பாக்ஸைத் தயாரித்தது. ஊர்ப்பெயரே அதற்கும் பெயரானது. ஃபோர்டின் டாப்லோடரும் கிரைஸ்லரின் ஏ-833உம் 1964இல் வந்தன. மன்சி வகைகளில் எம்-22 தனிப்புகழ் பெற்றது. அதன் பற்கள் குறைந்த சாய்வுடன் வெட்டப்பட்டிருந்ததால் அச்சு நெடுகிலும் தள்ளுவிசை குறைந்தது, சூடும் குறைந்தது. ஆனால் சாய்வு குறைந்த பற்கள் இரையும். அந்த இரைச்சலால் 'பாறை நொறுக்கி' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. ரசிகர்கள் அதைச் சங்கீதம் என்பார்கள். நெடுந்தூரம் ஓட்டுபவர் அப்படிச் சொல்வது அரிது.

இவை அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. நான்காம் கியரின் விகிதம் 1:1. அதற்கு மேல் கியர் இல்லை. கால் மைல் பந்தயத்துக்கு அது போதும். பின் அச்சு விகிதம் 3.73, டயர் விட்டம் 26 அங்குலம் என்று கொண்டால், மணிக்கு 110 கிலோமீட்டரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,300 முறை சுழலும். மணிக்கணக்கில் நெடுஞ்சாலையில் போனால் பெட்ரோலும் காதும் சேர்ந்தே தேயும். 0.68 விகிதமுள்ள ஓவர்டிரைவ் கியர் இருந்தால் அதே வேகத்தில் சுமார் 2,240 சுற்றுகள் போதும்.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் ஓவர்டிரைவ் பரவியது. 1980களின் தொடக்கத்தில் வந்த ஐந்து கியர் டி-5 இலகுவானது, பழைய கார்களில் எளிதாகப் பொருந்துவது. ஆனால் அதன் தாங்குதிறன் சுமார் 300 பவுண்டு-அடி முறுக்குவிசைதான். 1964 ஜிடிஓவின் அறிவிக்கப்பட்ட முறுக்குவிசையோ 428. அன்றைய அளவீட்டுமுறை எண்ணைப் பெரிதாகக் காட்டியது உண்மைதான். அதைக் கழித்தாலும் இந்த இணைப்பு பொருந்தாது. 1992 டாட்ஜ் வைப்பரில் வந்த ஆறு கியர் டி-56 பலமானது, ஆனால் பருமனானது. அந்தக் குடும்பத்தின் பெட்டியைப் பழைய காரில் ஏற்றப் பெரும்பாலும் தளத்தின் நடுமேட்டை வெட்ட வேண்டும். மெக்சிகோவின் டிரெமெக் நிறுவனம் 2020களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய ஐந்து கியர் டிகேஎக்ஸ், 600 பவுண்டு-அடி தாங்குவதோடு குறுகிய நடுமேட்டுக்கு ஏற்ற ஒல்லியான உடலும் கொண்டது.

ஆகவே பலத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதாது. டிகேஎக்ஸின் முதல் கியரே 2.87, 3.27 என இரு விகிதங்களில் கிடைக்கிறது. 3.73 பின் அச்சுள்ள காரில் 3.27ஐப் போட்டால் பெருக்கம் 12.2 ஆகிறது, புறப்பட்ட உடனே இரண்டாம் கியருக்கு மாற்ற வேண்டியதுதான். அதே காரில் எம்-21 மன்சியின் 2.20 விகிதம் தந்த பெருக்கம் 8.2. 2.87 போதுமானது என்பது கணக்கிலேயே தெரிகிறது.

மற்றொரு கணக்கு பணம் சார்ந்தது. 1960களின் பிற்பகுதி முதல் பல கார்களின் கியர்பாக்ஸ் மீது காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதி பொறிக்கப்பட்டது. எண்கள் பொருந்தும் கார் கூடுதல் விலை போகும். கழற்றிய கியர்பாக்ஸைத் திரும்ப மாட்டலாம். வெட்டிய தளத்தகட்டை முன்போல ஆக்குவது கடினம். அதனால் பலர் வெட்டாமல் பொருந்தும் பெட்டியையே தேடுகிறார்கள். கழற்றிய மன்சியை எண்ணெய் வடித்து, மூடி, காருடன் வைத்திருந்து, விற்கும்போது சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள்.