மாணவர் சமைத்த பொதுவியல்: பிராங்க்ஸ் தெருவாடலின் வரலாறு

ஆடலை வேத்தியல், பொதுவியல் என இரண்டாகப் பகுத்துக் கண்டது தமிழ் மரபு. வேத்தியல் அரசவைக்குரியது, பொதுவியல் மன்றத்து மக்களுக்குரியது. அவையில் ஆடிய ஆடலுக்கு அரங்கின் அளவும் ஆசானின் தகுதியும் ஆடுவோள் பெறும் தலைக்கோற் பட்டமும் விரித்துரைக்கப்பட்டன. மன்றத்து ஆடலை முதன்முதலில் ஆடியவர் எவர், எந்நாளில் ஆடினர் என்பவற்றை யாரும் குறித்து வைத்ததில்லை. பிறமொழி வரலாறுகளிலும் நிலை ஏறத்தாழ இதுவே. ஆயினும், பிறந்த தெருவும் கட்டடமும் நாளும் நுழைவுக் கட்டணமும்கூடத் தெரிந்த பொதுவியல் ஆடல் ஒன்று உண்டு. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பள்ளி மாணவர் தம் பொழுதுபோக்காகச் சமைத்துக்கொண்ட ஹிப் ஹாப் ஆடலே அது.

அந்த மண்ணின் நிலையை முதலில் அறிதல் வேண்டும். 1948-இல் தொடங்கிய பிராங்க்ஸ் குறுக்கு நெடுஞ்சாலைப் பணி, குடியிருப்புகளின் நடுவே வாள்கொண்டு பிளந்ததுபோல் பகுதியை இரண்டாக்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன, வசதியுள்ளோர் வெளியேறினர். எஞ்சிய கட்டடங்கள் பராமரிப்பின்றிச் சிதைந்தன, தீக்கிரையாயின. 1970-க்கும் 1980-க்கும் இடையே, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கென வகுத்த சிறு வட்டாரங்களுள் ஏழில், நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேற்பட்ட கட்டடங்கள் தீயாலும் கைவிடப்பட்டதாலும் அழிந்தன. 1975-இல் நகராட்சி நிதி நெருக்கடியில் வீழ்ந்தபோது ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் பணி நீக்கப்பட்டனர். இசையும் ஓவியமும் உடற்பயிற்சியும்தாம் முதலில் வெட்டுப்பட்டன. எந்நாட்டிலும் அவைதாமே முதலில் வெட்டுப்படுகின்றன! நூறாண்டுக்கு மேலாகக் கட்டணமின்றிக் கற்பித்து வந்த நகரப் பல்கலைக்கழகமும் 1976-இல் கட்டணம் விதித்தது. ஆடுவதற்குத் திடலில்லை, கற்றுத்தர ஆசிரியரில்லை என்னும் நிலையில் வளர்ந்த சிறுவர்களே இவ்வாடலின் ஆசிரியர்கள்.

அவர்கள் தெருவில் அச்சமின்றி நடமாடவும் ஒரு காலம் கனிய வேண்டியிருந்தது. இளைஞர் கும்பல்கள் தெருக்களைக் கூறுபோட்டு ஆண்ட காலம் அது. 1971 டிசம்பரில், சமாதானம் பேசச் சென்ற பிளாக் பெஞ்சி என்னும் இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். பழிக்குப் பழி என்று எழ வேண்டிய அவருடைய கூட்டத்தார் அவ்வாறு எழாமல், அம்மாதம் 8-ஆம் நாள் ஹோ அவென்யூவில் எல்லாக் கும்பல்களையும் கூட்டி உடன்பாடு கண்டனர். பகை அன்றே முற்றும் ஒழிந்துவிடவில்லை. எனினும், அடுத்த தெருவில் நடக்கும் விருந்துக்குப் போய்வரலாம் என்னும் துணிவு மெல்ல மெல்லப் பிறந்தது.

அத்தகைய விருந்துகளுள் ஒன்று 1973 ஆகஸ்டு 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொழுதுபோக்கு அறையில் நடந்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வேளை. புத்தாடை வாங்கப் பணம் திரட்ட விழைந்த சிண்டி கேம்பெல் என்னும் மாணவி, கையால் எழுதிய அழைப்பட்டைகளை வழங்கினார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு சுழற்றியவர் அவருடைய அண்ணன் கிளைவ். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 1967-இல் பிராங்க்ஸ் வந்த பதினெட்டு வயது இளைஞர். கூல் ஹெர்க் என்னும் பெயரால் அவரை உலகம் அறியும். விருந்தை எண்ணியவரும் அறையை வாடகைக்கு எடுத்தவரும் தங்கையே. வரலாற்றில் முதலில் நின்ற பெயரோ அண்ணனுடையது. பெண்பாற் புலவர் பலரின் பெயரையே இழந்துவிட்ட மொழிக்குரியோர்க்கு இது வியப்பளிக்காது.

ஒரு கலை ஓரிரவில் பிறந்துவிடுவதில்லை. ஆயினும் ஹெர்க்கின் விருந்துகளில் ஒரு நுட்பம் புலப்பட்டது. பாட்டில் குரலும் பிற கருவிகளும் அடங்கி, முழவு மட்டும் தனித்து ஒலிக்கும் சிறு பகுதியைப் ‘பிரேக்’ என்பர். சில நொடிகளே நீளும் அப்பகுதிக்காகவே சிலர் காத்துக் கிடப்பதையும், அது வந்ததும் களத்தில் பாய்வதையும் அவர் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு சுழல்மேடைகளில் இட்டு, ஒன்றில் அப்பகுதி முடியும்போது மற்றொன்றில் தொடங்கச் செய்து அதனை நீட்டினார். நொடிகள் நிமிடங்களாயின. அவ்விடைவெளியில் ஆடியோரைப் ‘பி-பாய்’ என்று அழைத்தார். பெண்கள் ‘பி-கேர்ள்’ ஆயினர். கேட்போரின் கால்களைக் கண்டு இசை தன்னை மாற்றிக்கொண்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இதற்குச் சற்று முன்னரே, நாட்டின் மறுகோடியில் மற்றொரு மாணவர் மற்றொரு வழி கண்டிருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் தொழிற்கல்லூரியில் வணிக ஓவியம் பயின்ற டான் கேம்பெல், கல்லூரி உணவகத்தில் நண்பர்களிடம் அந்நாளைய ஆடல்களைக் கற்றார். ஓர் அசைவு சரியாக வராமல் இடையே உறைந்து நின்றார். அத்தடுமாற்றத்தையே அவர் ஆடலாக்கினார். ‘லாக்கிங்’ என்னும் வகை பிறந்தது. அவருடைய குழுவைத் தொலைக்காட்சியில் கண்ட ஃபிரெஸ்னோ நகரத்து இளைஞர் பூகலூ சாம், தசையைத் துடிக்கவிட்டு ஆடும் ‘பாப்பிங்’ வகையை வளர்த்தார். ஒன்று அறையிலும் மற்றொன்று உணவகத்திலும் பிறந்தன. நடனப் பள்ளியின் வாயிலை இரண்டுமே கண்டதில்லை.

பள்ளி இல்லையெனின் இலக்கணமும் இல்லை என்று கருதுதல் பிழை. நின்றபடி ஆடும் முற்பகுதி, கைகளைத் தரையில் ஊன்றிக் கால்களைச் சுழற்றும் தரையாடல், உடல் முழுதும் சுழலும் வலிமை அசைவுகள், இறுதியில் சிலையென உறையும் நிலை என அதற்கோர் ஒழுங்கு உண்டு. சூழ நிற்போர் வட்டமாக நிற்பர். ஒருவர் உட்புகுந்து ஆடி வெளியேற, அடுத்தவர் விடையிறுப்பார். அவ்வட்டத்திற்குச் ‘சைபர்’ என்று பெயர். சுழியத்தைத் தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் குறிக்கும் அதே சொல்தான். சூனியம் என்னும் வடசொல்லின் பொருளை அரபியர் ‘சிஃப்ர்’ என்று பெயர்த்தனர். அது ஐரோப்பா வழியாகச் சுற்றி ஒருபுறம் நம் கணக்கேட்டுக்கும் மறுபுறம் பிராங்க்ஸ் தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது. பிறர் அசைவைத் திருடி ஆடுவதைக் ‘கடித்தல்’ என்று இகழ்ந்தனர். அக்குற்றத்தைக் கவிஞர்க்கு விளக்க வேண்டியதில்லை. எந்த இசை வரும் என்று அறியாமல் களம் புகுந்து, வந்த தாளத்திற்கு அக்கணமே ஆடவேண்டும் என்பதால் இஃது உடலால் பாடும் ஆசுகவி எனலாம்.

உடற்பயிற்சி நோக்கிலும் இவ்வட்டம் அறிவு சான்ற அமைப்பே. ஒருவர் முழுமூச்சாக ஆடும் நேரம் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ, பிறகு ஓய்வு, மீண்டும் முறை வரும். ஓய்ந்து நிற்பவரும் கைதட்டித் தாளத்தில் அசைந்தபடி நிற்கிறார். தேவையான கருவி விரித்துப் போட்ட அட்டைப்பெட்டி ஒன்றே. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக அறுபது நிமிடமேனும் உடலை வருத்தி இயங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. கணக்குப் பார்க்காமலே அதனினும் பன்மடங்கு இயங்கியவர்கள் அச்சிறுவர்கள். மணிக்கட்டும் தோளும் முழங்காலும் அதற்கு விலை கொடுத்தன என்பதையும் மறைத்தற்கில்லை.

பெரியோர் இதனை முதலில் எவ்வாறு கண்டனர்? 1980 ஜனவரியில் வாஷிங்டன் ஹைட்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில் கலகம் என்று காவலர்க்குச் செய்தி வந்தது. நாளிதழ் ஒன்றின் ஒளிப்படக் கலைஞர் மார்த்தா கூப்பர் அங்கு விரைந்தார். பிடிபட்டு நின்றோர் சிறுவர்கள். “சண்டையிடவில்லை, ஆடிக்கொண்டிருந்தோம்” என்றனர். ஆடிக் காட்டுமாறு காவலர் பணிக்க, ஒருவர்பின் ஒருவராக ஆடிக் காட்டினர். தலையை ஊன்றிச் சுழன்றும் காட்டினர். விளையாட்டு என்பதை நிறுவ அவர்கள் காவலர் முன் அரங்கேற வேண்டியிருந்தது!

கூப்பரும் ஆடல் விமர்சகர் சாலி பேன்ஸும் இதுபற்றி எழுத முனைந்தபோது ஆடுவோரைக் காண்பதே அரிதாயிருந்தது. அண்ணன்மார் அலுத்து விட்டுவிட்டனர். தம்பிமார் சிலரே பற்றியிருந்தனர். 1977-இல் தோன்றிய ராக் ஸ்டெடி குழுவை உயிர்ப்பித்த கிரேஸி லெக்ஸ் அப்போது பதினைந்து வயதும் நிரம்பாதவர். பேன்ஸின் கட்டுரை 1981 ஏப்ரலில் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், நகரின் உயர்கலைக் கோயிலாகிய லிங்கன் மையத்தின் திறந்தவெளியில் அக்குழு டைனமிக் ராக்கர்ஸ் குழுவை எதிர்த்து ஆடியது. பொதுவியல், வேத்தியலின் முற்றத்தை மிதித்த நாள் அது.

அதன்பின் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. 1983-இல் ‘ஃபிளாஷ்டான்ஸ்’ திரைப்படம், 1984-இல் ‘பீட் ஸ்ட்ரீட்’. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் நிறைவு விழாவில் ஏறத்தாழ இருநூறு பேர் ஆடினர். 1983-இல் மைக்கேல் ஜாக்சன் தொலைக்காட்சியில் காட்டிய பின்வழுக்கு நடை, மேற்குக்கரைத் தெருவாடுநர் முன்பே ஆடிவந்ததுதான். அவ்வலை தமிழ்த் திரைக்கும் வந்தது. 1994-இல் வெளியான ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவின் அசைவுகளில் அம்மரபின் சாயலைக் காணலாம். அவற்றைப் பார்த்துப் பழகிய கல்லூரி மாணவர் ஆண்டு விழா மேடைகளில் ஆடியதைக் கண்டோர் பலர். மேடை வந்தது, வட்டம் வரவில்லை. திரையிலிருந்து கற்றோர் திரையைப் போலவே ஒருபுறம் நோக்கி நின்று ஆடினர்.

இவ்விழப்பு தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. பல நாடுகளின் பள்ளிகளிலும் ஹிப் ஹாப் ஆடல் இன்று உடற்கல்வி வகுப்பில் இடம்பெறுகிறது. விளையாட்டுப் போட்டிகளில் ஒதுங்கி நிற்கும் மாணவரும் இதில் விருப்புடன் இறங்குவர். ஆனால், ஆசிரியர் முன்நிற்க, வரிசையாக நின்று, எட்டெட்டு எண்ணிக்கையில் ஒரே அசைவை எல்லோரும் செய்வதாக வகுப்பு அமையுமாயின் அது கடித்தலைப் பாடமாக்குவதேயாகும். வியர்வை வரும், விடையிறுக்கும் துணிவு வராது. தொடக்கத்தில் சிறிது கற்றுத்தந்து, பிறகு ஆசிரியர் வட்டத்தின் விளிம்பில் ஒருவராய் நின்றுகொள்வது கடினம். நாற்காலியை விட்டிறங்கும் அக்கடினத்தைக் கல்வித்துறை எங்கும் எளிதில் ஏற்றதில்லை.

2018-இல் பியூனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கிலும், 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இவ்வாடல் போட்டியாக நடந்தது. பாரிஸில் ஜப்பானின் அமி பெண்கள் பிரிவிலும் கனடாவின் ஃபில் விஸார்ட் ஆண்கள் பிரிவிலும் பொற்பதக்கம் வென்றனர். நடுவர்க்கு வகுக்கப்பட்ட ஐந்து அளவைகளுள் சொல்வளம் என்பதும் ஒன்று, தனித்தன்மை என்பதும் ஒன்று. தெருச் சிறுவர் வாய்மொழியாக வைத்திருந்த விதிகள் மதிப்பெண்ணாகிவிட்டன. அங்கே முதற்சுற்றின் மூன்று ஆட்டங்களிலும் ஒரு புள்ளியும் பெறாத ஆஸ்திரேலியப் போட்டியாளர், இவ்வாடலையே ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்ற விரிவுரையாளர். உலகம் அவரை எள்ளி நகைத்தது. ஆய்வேட்டையும் களத்தையும் ஒருசேர எதிர்கொள்ளத் துணிந்தவர் என்னும் மதிப்பைப் பலர் அவருக்கு அளிக்கவில்லை.

2028 ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு ஒதுக்கப்பட்டது. டான் கேம்பெல் உணவகத்தில் தடுமாறி நின்ற நகரம், 1984-இல் இருநூறு பேர் ஆடி முடித்த நகரம். அதற்கெனத் தேர்ந்த விளையாட்டுகளின் பட்டியலில் இவ்வாடல் சேர்க்கப்படவில்லை.