மேரி கிளௌரி அம்மையார்

துறவுக்கும் வைத்தியத்திற்கும் என்ன பகை என நேயர்கள் வினவலாம். கத்தோலிக்கத் திருச்சபையில் அத்தகைய பகை நெடுங்காலம் இருந்தது. கன்னியாஸ்திரீகள் நோயாளரைப் பேணலாம். வைத்தியராய்த் தொழில் புரிதலும் பிரசவம் பார்த்தலும் அவர்களுக்கு விலக்கு.

மேரி கிளௌரி அம்மையார் 1887-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்திற் பிறந்தவர். 1910-இல் மெல்போர்ன் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்று, அந்நகரிற் கண் வைத்தியராய் விளங்கினார். 1915-இல் ஆக்னஸ் மக்லாரன் என்னும் ஸ்காட்லாந்து வைத்திய மாதின் சரித்திரம் கூறும் சிறு நூலொன்று அவர் கைக்கு வந்தது. ஆடவ வைத்தியரிடம் செல்லலாகாதென்னும் வழக்கத்தால் இந்தியப் பெண்டிர் பலர் பேறுகாலத்தில் மாளுதலை அதனால் உணர்ந்தார். 1920-இல் தொழிலையும் சுற்றத்தையும் விட்டு, அந்நாளிற் சென்னை இராசதானியைச் சேர்ந்திருந்த குண்டூர் வந்து, இயேசு மரி சூசை சபையிற் சேர்ந்தார். வைத்தியம் புரியப் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அவருக்குத் தனியே அனுமதி ஈந்தார். ஏனைய கன்னியர்க்கு விலக்கு நீங்கியது 1936-இலேதான்.

சிறு மருந்துச்சாலை நாளடைவில் அர்ச். சூசையப்பர் ஆஸ்பத்திரியாயிற்று. எனினும், உள்ளூர்ப் பெண்களுக்கு மருந்து கலக்கவும் பிள்ளைப்பேறு பார்க்கவும் பயிற்றுவித்தமையையே யாம் பெரிதாகக் கருதுகின்றோம். ஒருவர் கை எத்தனை வீடுகளுக்கு எட்டும்? மகளைப் பாதியிற் பள்ளியினின்று நிறுத்திவிட்டு, அவள் பேறுகாலத்திற் பெண் வைத்தியரைத் தேடி அலைந்த தந்தையரை நம்மவருள்ளும் யாம் கண்டிருக்கின்றோம்.

1943-இல் கத்தோலிக்க ஆஸ்பத்திரிகளின் சங்கத்தை நிறுவிய அம்மையார், வைத்தியக் கல்லூரியொன்றும் எழவேண்டுமென விழைந்தார். அஃது 1963-இற் பெங்களூரில் தோன்றிற்று. அவரோ 1957-இல் அந்நகரிலேயே காலமாகிவிட்டார்.